சூடு இறங்குவதற்கு முன்

என் மகனிடம் இரண்டு போன் இருப்பது எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். கரண்ட் போயிருந்தது. மிக்ஸியில் பாதி அரைபட்ட தேங்காயோடு நின்றுகொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் மேல் அவன் போன் அடித்தது. கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அவன் முருங்கை மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, வேறொரு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"எண்ணிக்கைய யாருகிட்டயும் சொல்லாதீங்க. நானும் வூட்ல வாயத் தொறக்கல" என்று சொன்னான்.

என் கையில் இருந்த போன் அடித்து ஓய்ந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து அதை இருந்த இடத்திலேயே வைத்தேன். கரண்ட் வந்த பிறகும் தேங்காயை அரைக்கத் தோன்றவில்லை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். நிலம் விற்க வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுப் பல வருஷமாகிறது. முகம் எதையும் சொல்லாது. கையைத்தான் பார்ப்பேன். சொந்த நிலத்தை விற்கிறவர் கை மேஜைமேல் கனமாகக் கிடக்கும். அடுத்தவர் நிலத்தை விற்க வந்தவர் கைக்கு இடம் கிடைக்காது. சட்டைப் பையைத் தேடும், பேனாவைத் திருகும், வேட்டி நுனியைப் பிடிக்கும். அப்படிப் பார்த்தே ஆள்மாறாட்டம் செய்ய வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. என் கணவர் ரயில்வே ஜங்ஷனில் சரக்கு அலுவலகத்தில் இருக்கிறார், நிதானமானவர். "ஆபீச செருப்பு மாதிரி வாசல்லயே கழட்டி வுட்டுட்டு வாயேன்" என்பார்.

மகன் விஷயத்தில் என்னால் அப்படிக் கழற்ற முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவன் பத்து வருஷத்துக்கு மேல் கிரிக்கெட் ஆடியே பிழைத்தவன். இடது கை சுழற்பந்து வீச்சாளன். மாநில அணிக்கு ஆடினான். டிவியில் வரும் பெரிய போட்டியில் ஒரு வருஷம் அணி உடையைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்ததற்கே எங்கள் ஊர்ப் பாலக்கரையில் அவன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பெண்ணாடத்திலிருந்து கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்காரர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்புறம் வயது ஏறியது. சின்னச் சின்ன ஊர்களின் போட்டிகளுக்கு ஆடப் போனான். அப்படி ஒன்றில்தான் சூதாட்டப் புகார் வந்தது. அவனோடு அறையில் தங்கியிருந்த பையனை ஆடக் கூடாது என்று தடை செய்தார்கள். என் மகனையும் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க விசாரித்து அனுப்பினார்கள். பத்திரிகையில் பெயர் போடாமல் எழுதினார்கள். எங்கள் ஊர் அதைப் பெயர் போட்டுப் படித்தது.

"தெரிஞ்சதச் சொன்னேன், அனுப்பிட்டாங்க" என்று மட்டும் எங்களிடம் சொன்னான். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே என்ற பயம்.

அடுத்த வருஷம் அவனை எந்த அணியும் கூப்பிடவில்லை. முப்பதைத் தாண்டிய ஸ்பின்னரைக் கூப்பிடாததற்குக் காரணம் தேட வேண்டாம் என்றார் அவன் அப்பா. நான் தேடினேன். மகன் ரயிலில் வந்து இறங்கி, கிரிக்கெட் பையைப் பரண்மேல் தள்ளி, அதன்மேல் பழைய பாயைப் போட்டு மூடினான். டிவியில் மேட்ச் ஓடினால் எழுந்து போய்விடுவான். டீக்கடைப் பக்கம் போனால், "தம்பி, இன்னிக்கி யாரு ஜெயிப்பாங்க, ஒங்களுக்குத் தெரியாமயா" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். இவனும் சிரித்துவிட்டு டீயை முழுசாகக் குடிக்காமல் வந்துவிடுவான்.

கொஞ்ச நாளில் காலையில் குளித்துக் கிளம்ப ஆரம்பித்தான். எங்கே என்றால், "ஒரு வேலையா போயிட்டு வரேம்மா." சாயங்காலம் வருவான். வந்ததும் நேராகப் பின்பக்கம் போய்த் தன் துணியைத் தானே அலசிக் கொடியில் போடுவான். பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடத் தோய்க்காதவன். நான் அவன் கையைப் பார்த்தேன். பந்தைத் திருகித் திருகி இடது ஆள்காட்டி விரலில் பட்டாணி மாதிரி ஒரு காய்ப்பு இருக்கும். அது கரைந்துகொண்டு வந்தது. உள்ளங்கை மட்டும் கோடைக்காலத்து ஏரி மாதிரி வெடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். தடவினான். எதனால் என்று சொல்லவில்லை.

இதன் நடுவில்தான் அந்த ஆள் வந்தார்.

வேறு மாவட்டத்து நம்பர் போட்ட வெள்ளைக் கார். முதலில் தெருமுனையில் நின்றது. அப்புறம் ஒரு நாள் வாசலுக்கே வந்தது. மகன் வீட்டில் இல்லை. இறங்கியவர் ஸ்வீட் பெட்டியும் ஆப்பிளுமாக உள்ளே வந்து, நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். மெதுவான பேச்சு. "அம்மா, தம்பியோட ஆட்ட அறிவு இருக்குதே, அது மண்ணுல போட்டு மூடற பொருளா? ஒரு நல்ல எதிர்காலம் காத்துக்கிட்டு இருக்குது, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். என்ன தொழில் என்று கேட்டேன். மீடியா என்றார். எங்கே ஆபீஸ் என்றேன். எல்லா ஊரிலும் என்றார். பேச்சு முழுக்க அவர் கை தன் கார் சாவியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

எங்கள் அலுவலகத்துக்குப் பத்திரத்தை நீட்டுவதற்கு முன்னால் ஸ்வீட் பெட்டியை நீட்டுகிறவர்கள் வருவார்கள். அந்தப் பத்திரத்தை நான் இரண்டு முறை படிப்பேன். இவரிடம் படிக்க ஒன்றும் இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். அவன் முகம் சட்டென்று வேறு மாதிரி ஆனது. "வூடு வரைக்கும் வந்துட்டானா" என்றான். யாரு அது என்றேன். "தெரிஞ்ச ஆளு. நீ பேச்சுக் குடுக்காத." ஃப்ரிட்ஜ் மேல் போன் அடித்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இரண்டாவது போன் அங்கேதான் இருந்தது.

கணவரிடம் அழுதேன். "முப்பது வயசு தாண்டுன ஆளப் போயி பையில என்னா இருக்குதுன்னு பாக்கச் சொல்றியா" என்றார். எனக்குப் பார்க்க வேண்டும்தான்.

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டுவார்கள். காணாமல் போன மாடு, ஏமாற்றிய பங்காளி, ஓடிப்போன மாப்பிள்ளை என்று எதுவானாலும் காகிதத்தில் புகாராக எழுதி சாமி முன் கட்டிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். நானும் ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பர்மிஷன் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நாள் முழுக்கப் பத்திரம் பார்க்கிறவள், எழுதுவதற்கு ஆள் தேவையில்லை. என் பெயர், கணவர் பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டேன். எதிராளி பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. அந்தக் கார்க்காரர் பெயர் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே பெயர் என் மகன் பெயர். பக்கத்தில் இருந்த அம்மா தன் கொழுந்தன் பெயரைத் தெளிவாகச் சொல்லி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெயரையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

நான் தேடிப் போகவில்லை. தகவல் தானாக வந்தது. ஷெட் வாடகை ஒப்பந்தம் பதிய வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஒங்க பையன் நம்ம செராமிக் பேட்டையிலதானே நிக்கறாரு, பாய் ஷெட்டுல. சும்மா சொல்லக் கூடாதுங்க, டிவில பாத்த ஆளு பக்கத்துல நின்னு டீ குடிக்கறாரு" என்றார். எனக்குத் தெரியும் என்பது போல் தலையாட்டினேன். உள்ளுக்குள் வேறொன்று ஓடியது. அந்தப் பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு பழைய சூளைக்குள் யாரோ குட்கா மூட்டைகளைப் பதுக்கியிருந்ததாக எங்கள் அலுவலகத்தில் எப்போதோ ஒரு பேச்சு அடிபட்டது. எங்கள் ஊரில் பொம்மை, அகல், ஃப்யூஸ் கட்டை என்று செய்து சுடாத பீங்கான் இல்லை. ஆனால் கிரிக்கெட் ஆடியவனுக்குச் சூளையில் என்ன வேலை?

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனேன். தொழிற்பேட்டை கேட்டுக்கு முன்பே அந்த வெள்ளைக் கார் நின்றிருந்தது. ஷெட் வாசலில் அந்த ஆள் வெளியே வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. தம்பி யோசிச்சிச் சொல்றேன்னிருக்காரு. நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க."

கார் போய்விட்டது. எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

உள்ளே மகன் லுங்கியும் பனியனுமாக, முழங்கை வரை வெள்ளை மண் குழம்பு காய்ந்து ஒட்டியபடி நின்றிருந்தான். அவன் பின்னால் ஒரு அறை அளவுக்குச் சூளை. கனமான இரும்புக் கதவு இறுக்கி மூடியிருந்தது. அருகில் போவதற்கு முன்பே அனல் முகத்தில் பட்டது. ஷெட்காரர் முன்னால் வந்தார். அவர் மங்கலம்பேட்டைக்காரர், குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இந்தத் தொழிலில் இறங்கியவர். எல்லோருக்கும் அவர் பாய்தான்.

"வாங்கக்கா. தம்பி ஒண்ணும் சொல்லலியே. உக்காருங்க, டீ சொல்றேன்."

நான் உட்காரவில்லை. "அந்த ஆளு யாரு?" என்றேன் மகனிடம்.

"வூட்ல பேசலாம்மா."

"இதுக்குள்ள என்னா இருக்குது?"

பாய்தான் பதில் சொன்னார். நேற்றுதான் சூளைக்கு எரிகிற கேஸை நிறுத்தியதாகவும், உள்ளே இன்னும் சூடு இறங்கவில்லை, நாளைக் காலையில்தான் பிரிப்போம் என்றும் சொன்னார். எவ்வளவு உருப்படி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று இல்லை, அலுவலகத்தில் வாய் பழகிய கேள்வி. பாய் சிரித்தார்.

"அத மட்டும் கேக்காதீங்கக்கா. சூள பிரிக்கற வரைக்கும் எண்ணிக்க சொல்ல மாட்டோம். சொன்னா ஒடையும்பாங்க. குவைத்துல இருந்து வந்தவன், இதெல்லாம் நம்ப மாட்டேன்னு சொல்லி ஒரு தடவ சொன்னேன். பாதி போச்சு. அதுலேருந்து எம்பொண்டாட்டிகிட்ட கூட சொல்றதில்ல."

முருங்கை மரத்தடியில் கேட்ட பேச்சுதான் இது. இப்போது எழுதும்போது அது எனக்குப் புரிகிறது. அந்த நேரத்தில், இவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லிவைத்துப் பேசுகிறார்கள் என்றுதான் தோன்றியது. பதிவுக்கு வருகிற கூட்டத்தில் எல்லோரும் ஒரே பதிலை ஒரே வார்த்தையில் சொன்னால் நாங்கள் பத்திரத்தை நிறுத்திவைப்போம்.

"தொற" என்றேன் மகனிடம்.

"நாளைக்கி வந்து பாரும்மா. நானே கூட்டிக்கிட்டு வரேன்."

"இப்பத் தொற."

"இப்பத் தொறந்தா குளுந்த காத்து பட்டு எல்லாம் வெடிச்சிரும். இது நான் செஞ்சதும்மா. இது தேறுச்சின்னாதான் பாய் என்னைத் தொழில்ல பங்காளியா சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு."

இதை அவன் கெஞ்சிச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் எனக்குத் தாங்கவில்லை. விசாரணை முடிந்து வந்த அன்றும் இதே குரலில்தான் "தெரிஞ்சதச் சொன்னேன்" என்றான்.

"நீ அன்னிக்கி காசு வாங்கினியா, இல்லியா?" என்று கேட்டேன்.

ஷெட்டில் அச்சு கழற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். பாய் தரையைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் தொங்கிய தோல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு கதவின் பூட்டுச் சக்கரத்தைத் திருப்பினான். பாய் "தம்பி, வேணாம்" என்று ஓடி வருவதற்குள் கதவை அகலமாக இழுத்துத் திறந்துவிட்டான்.

அனல் வந்து அறைந்தது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பார்த்தேன். தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக வெள்ளை முட்டைகள். மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியின் நடுவில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் பீங்கான் முட்டை ஒன்று இருக்குமே, கரண்ட் கீழே இறங்காமல் தடுப்பதற்கு, அது. இன்சுலேட்டர். வேறெதுவும் இல்லை.

பிறகு சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, எங்கோ முன்வரிசையில். கண்ணாடி வளையல் ஒன்று கல்லில் பட்டது போல. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வளைகாப்பு வீட்டில் நிறையக் கைகள் ஒரே நேரத்தில் அசைவது போல. அவ்வளவு அழகான சத்தம். அது விரிசல் விடும் சத்தம் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. இப்போதும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் பெண் கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பாய்தான் பாய்ந்து வந்து தோளால் கதவைத் தள்ளி மூடினார். மூடிய கதவுக்குப் பின்னாலும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மகன் கையுறையைக் கழற்றி இருந்த இடத்தில் மாட்டினான்.

"பாத்துட்டியாம்மா" என்றான்.

பாய் கதவுச் சக்கரத்தைத் திருப்பிப் பூட்டினார். அப்புறம், "எம்புள்ள இந்தக் காரியம் பண்ணியிருந்தா முதுகு பழுத்திருக்கும். அக்காவா போயிட்டீங்க" என்றார். சொன்ன டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

வீட்டுக்கு என்னை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவன் முகமும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. முதுகு மட்டும்தான். அவன் பேசியது காற்றில் பாதி போனது. மீதியை முன்னால் குனிந்து கேட்டேன்.

கார்க்காரர் விஷயத்தில் நான் சரியாகத்தான் பார்த்திருந்தேன். போனில் பந்தயம் கட்டும் செயலி ஒன்றின் ஆள் அவர். தினமும் இன்று யார் ஜெயிப்பார்கள் என்று என் மகன் முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். அதோடு, இப்போது ஆடுகிற பையன்களில் தெரிந்தவர்களை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். "முடியாதுன்னு எத்தினி தடவ சொன்னாலும் யோசிக்கறேன்னு சொன்னதா ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியறான். நீயும் நம்பிட்ட. அதுதான் அவன் தொழிலு" என்றான். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் போனில்தான் அவரும் அவர் மாதிரி ஆட்களும் கூப்பிடுவார்கள். அதனால்தான் அதை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறான். பையில் இருந்த புதுப் போனில் பாயும், மண் சப்ளை செய்கிறவரும், இன்சுலேட்டர் வாங்கும் மின்வாரிய ஒப்பந்தக்காரரும் மட்டும். நான் பயந்தது நல்ல போனைப் பார்த்து. கெட்டது கூடத்தில் என் கண்முன் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

பாயை எப்படித் தெரியும் என்றேன். ஒரு உள்ளூர்ப் போட்டிக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பரிசுக் கோப்பைகளைப் பீங்கானில் செய்தவர் பாய். ஷெட்டைப் பார்க்கப் போனவன் அங்கே கிடந்த முட்டை ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறான்.

"கையில புடிச்சா பந்து மாதிரியே இருந்திச்சிம்மா. ஆனா இத யாரும் அடிக்க மாட்டாங்க" என்றான்.

சிரித்தான் என்று நினைக்கிறேன். முதுகு அசைந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலேயே நான் கேட்டதற்குப் பதில் சொன்னான். அறையில் கூட இருந்த பையன் ஒரு நோ-பால் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். இவன் மாட்டேன் என்றிருக்கிறான். ஆனால் மேலே யாரிடமும் உடனே போய்ச் சொல்லவில்லை. கூடச் சாப்பிட்டுக் கூடத் தூங்கியவனைக் காட்டிக்கொடுப்பதா என்று சில நாள் பேசாமல் இருந்துவிட்டான். விசாரணையில் அந்தச் சில நாளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

"மொதல்லயே எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீ கேக்கலியே. கையத்தான் பாத்துக்கிட்டு இருந்த."

சரக்கு வண்டி ஒன்று நீளமாகப் போனது. நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று மனசுக்குள் ஒரு மூலையில் கேள்வி கிடந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கேட் திறந்தது.

மறுநாள் காலையில் சூளையைப் பிரித்தார்கள். நான் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு பத்திரத்தைத் தப்பாக அடுக்கி, பிறகு தேடித் திண்டாடினேன். சாயங்காலம் அவன் வந்து சட்டைப் பையிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். கரண்டிக் காம்பால் ஒன்றைத் தட்டினான். மண்சட்டி மாதிரிக் கட்டைச் சத்தம். மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொன்றைத் தட்டினான். அது கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. முன்வரிசைகள் எல்லாம் முதலில் தட்டியதைப் போல உள்ளுக்குள் விரிசல் விட்டுவிட்டதாகவும், கதவிலிருந்து தள்ளி, பின்பக்கம் இருந்தவை பிழைத்ததாகவும் சொன்னான். ஒப்பந்தக்காரர் சோதனைக்குக் கேட்டது சில உருப்படிகள்தான். பின்வரிசையிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவன் அப்பா இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார். "இஞ்சின் சக்கரத்தக் கூட இப்படித்தான் சுத்தியால தட்டிப் பாப்பாங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

சோதனை முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நாட்களில் ஒரு முறை ஃப்ரிட்ஜ் மேல் போன் அடித்தது. வீட்டில் நான் மட்டும்தான். எடுத்தேன். அந்த மெதுவான குரல், தம்பி இல்லையா என்று கேட்டது.

"இல்லீங்க. அவங்க அம்மா பேசறேன், பத்திரப் பதிவு ஆபீசு. ஒங்க பேரு, அப்பா பேரு, கதவு எண் சொல்லுங்க. ஒரு எடத்துல காலியா வுட்டு வச்சிருக்கேன், எழுதிக்கறேன்" என்றேன்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மணவாளநல்லூர்க் காகிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

முட்டைகள் சோதனையில் தேறின. அந்த விஷயத்தை பாயே போன் செய்து என்னிடம் சொன்னார். தம்பியைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதாகவும், பக்கத்து ஷெட்டையும் குத்தகைக்கு எடுத்து இரண்டு பேர் பெயரிலும் பதியப் போவதாகவும் சொன்னார். "ஒரே ஒரு நிபந்தனக்கா. சூள எரியறப்ப நீங்க பேட்டப் பக்கம் வரக் கூடாது. பிரிச்சதுக்கப்புறம் வாங்க, பிரியாணியே போடறேன்."

பதிவு என்றால் எங்கள் அலுவலகம்தான். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தது கைரேகை இயந்திரத்துக்கு முன்னால். வேறு யாரையாவது உட்காரச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. பாய் வந்து விரலை வைத்தார், பச்சை எரிந்தது. மகன் வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். இடது கட்டைவிரலை வைத்தான். சிவப்பு. மறுபடி வைத்தான். சிவப்பு.

கொத்தனார், சலவைக்காரர், செங்கல் அறுக்கிறவர்கள் வந்தால் இப்படி ஆகும். மண்ணும் சுண்ணாம்பும் ரேகையைத் தின்றுவிடும். அப்போதெல்லாம் விரலை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் அழுத்திப் பிடித்து வைப்போம். இவனுக்கும் அப்படியே செய்தேன். புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து விரல்களைத் துடைத்தேன். ஆள்காட்டி விரலில் பட்டாணிக் காய்ப்பு இருந்த இடம் மெருகு போட்ட பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. மறுபடியும் சிவப்பு.

பின்னால் வரிசை நீண்டது. பதிவாளர் தன் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒங்க பையன்தானே, ஒங்களுக்கே சந்தேகமா?" என்று கேட்டுச் சிரித்தார். அலுவலகமே சிரித்தது. பாயும் சிரித்தார். மகன் மட்டும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். கடைசியில் வலது கை மோதிர விரலுக்குப் பச்சை எரிந்தது. பந்து போடாத கை, அச்சில் அதிகம் படாத விரல்.

விதிப்படி அடையாள அட்டையையும் பார்க்க வேண்டும். வாங்கினேன். அதில் இருந்த படம் அவன் ஆட ஆரம்பித்த காலத்தில் எடுத்தது. தலை நிறைய முடி. படத்தைப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன். மறுபடி படத்தைப் பார்த்தேன். நான் பார்த்து முடிக்கட்டும் என்று அவன் முகத்தை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.